தம்பி யேட்ஸும் முந்நூறு பிரதிகளும்

யேட்ஸ் என்றால் நம்ம ஆட்களுக்கு ஒரே ஒரு யேட்ஸ்தான். தாகூரின் கீதாஞ்சலிக்கு முன்னுரை எழுதினவர், 1923ல் நோபல் வாங்கினவர், போட்டோவில் எல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு எங்கேயோ வானத்தைப் பார்க்கும் கவிஞர். அவருக்கு ஆறு வயசு இளைய தம்பி ஒருத்தர் உண்டு. ஜாக் பட்லர் யேட்ஸ் (1871-1957). அயர்லாந்துக்காரர்களைக் கேட்டால் இருபதாம் நூற்றாண்டில் தங்கள் நாட்டின் பெரிய ஓவியர் இவர்தான் என்பார்கள். 1999ல் இவருடைய ஒரே ஒரு ஓவியம் லண்டன் ஏலத்தில் பன்னிரண்டு லட்சம் பவுண்டுக்கு மேலே போனது.

இந்தப் பதிவு அந்த ஓவியரைப் பற்றியது இல்லை. கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு லண்டன் காமிக்ஸ் பத்திரிகைகளுக்கு வாராவாரம் படக்கதை போட்டுக்கொடுத்த ஒருத்தரைப் பற்றியது. வெறும் 300 பிரதி அச்சடித்த ஒரு மாத இதழுக்கு ஏழு வருஷம் விடாமல் படம் போட்டவரைப் பற்றியது. அவரும் இவரும் ஒரே ஆள்தானே என்பீர்கள். அதேதான் என் கட்சியும். ஆனால் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அப்படி நடந்துகொள்வதில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இப்படிப் போகும். ஏழை ஓவியர் வீட்டுப் பிள்ளை. சின்ன வயசில் வயித்துப் பாட்டுக்காக காமிக்ஸ் வரைந்தான். அப்புறம் கொஞ்சம் மேலேறி புத்தகங்களுக்குப் படம் போட்டான். அப்புறம் நீர்வண்ணம். கடைசியில் எண்ணெய் ஓவியம், மோட்சம். ஏணி மாதிரி ஒரு வாழ்க்கை. மேல் படியில் கால் வைத்ததும் கீழ்ப்படியை மறந்துவிட வேண்டும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வருஷங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தால் ஏணி நிற்க மாட்டேன் என்கிறது. அதை அப்புறம் பார்ப்போம். முதலில் ஆள் எப்படி ஆரம்பித்தார் என்று சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஜான் பட்லர் யேட்ஸ், உருவப்பட ஓவியர். மகா திறமைசாலி, மகா பேச்சாளி. ஒரு படத்தை முடித்துக் கொடுப்பது மட்டும் அவருக்கு ஆகாத காரியம். திருத்துவார், அழிப்பார், மறுபடி திருத்துவார். உட்கார்ந்து கொடுத்தவருக்கு வயசானதுதான் மிச்சம். 1907 கடைசியில் நியூயார்க் போனவர் 1922ல் சாகும்வரை திரும்பவே இல்லை. இந்த வீட்டில் கடைக்குட்டி ஜாக். பிறந்தது லண்டன் என்றாலும் எட்டு வயசிலிருந்து பதினாறு வரை அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில் ஸ்லைகோ என்ற துறைமுக ஊரில், அம்மா வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். கப்பல்காரர்கள், சந்தை, குதிரைப் பந்தயம், ஊருக்கு வரும் சர்க்கஸ், தெருவில் பாட்டுப் பாடி விற்கிறவர்கள் என்று அங்கே பார்த்தவர்கள்தான் இவருக்கு ஆயுசு முழுக்கப் போதுமான முதலீடு.

1888ல், பதினேழு வயசு ஆகிறதுக்கு முன்னே பின்னே, 'வெஜிடேரியன்' என்ற லண்டன் பத்திரிகையில் படங்கள் வர ஆரம்பித்தன. (ஆமாம், சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பத்திரிகைதான். அதே காலகட்டத்தில் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த நம்ம காந்தியின் முதல் கட்டுரைகள் 1891ல் வந்ததும் இதிலேதான். கொசுறு!) அப்புறம் குதிரைப் பந்தயப் பத்திரிகை, வாராந்தரிகள், மான்செஸ்டரில் ஒரு அச்சகத்தில் சுவரொட்டி வரையும் வேலை. 1894ல் கல்யாணம். மனைவியும் ஓவியர். அப்பா மாதிரி 'நாளைக்கு முடிச்சிடலாம்' என்று இருந்திருந்தால் அடுப்பு எரிந்திருக்காது.

இந்த நேரத்தில்தான் லண்டனில் காமிக்ஸ் ஜுரம். ஆல்ஃப்ரெட் ஹார்ம்ஸ்வொர்த் என்ற பத்திரிகை முதலாளி 1890ல் 'காமிக் கட்ஸ்' ஆரம்பித்தார். மற்றவர்கள் ஒரு பென்னிக்கு விற்றதை இவர் அரை பென்னிக்குக் கொடுத்தார். வாரத்துக்கு மூணு லட்சம் பிரதி போகிறது என்று அவர்களே பீற்றிக்கொண்டார்கள். பையன்கள், கடைச் சிப்பந்திகள், ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் வாங்கினார்கள். படித்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில் 1893-94 வாக்கில் ஜாக் யேட்ஸ் ஒரு துப்பறிவாளரை இறக்கினார். பெயர் சப்லாக் ஹோம்ஸ்.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் 1891ல்தான் தொடங்கின. 1893 டிசம்பரில் கானன் டாயில் ஹோம்ஸை அருவியில் தள்ளிவிட்டார். ஊரே அழுதுகொண்டிருந்த நேரத்தில் இந்த ஆள் பகடி. 'சப்' என்பது அப்போது பேர் போன பூட்டுக் கம்பெனி. அதோடு பூட்டையும் சேர்த்து, ஹோம்ஸில் ஒரு எழுத்தைக் கழித்துவிட்டால் வீட்டுப் பூட்டு மாதிரி ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. கூடவே ஷிர்க் என்று ஒரு துப்பறியும் நாய். ஷிர்க் என்றால் வேலைக்கு டிமிக்கி கொடுப்பது என்று அர்த்தம் :-) ஷெர்லாக் ஹோம்ஸைக் கிண்டலடித்த முதல் காமிக்ஸ் தொடர் இதுதான் என்கிறார்கள். இன்றைக்கு வரைக்கும் சினிமா, டிவி, கார்ட்டூன் என்று நடந்துகொண்டே இருக்கும் ஒரு விளையாட்டை ஆரம்பித்து வைத்தவர் பின்னாளில் பெக்கெட்டுக்குப் பிடித்த ஓவியர் ஆனார். யோசித்துப் பாருங்கள்.

இதோடு நிற்கவில்லை. சிக்னோர் மெக்காய் என்ற சர்க்கஸ் குதிரையை வைத்து ஒரு தொடர். இன்னும் 'ஃபன்னி வொண்டர்', 'பிக் பட்ஜெட்', 'பக்' என்று ஏகப்பட்ட பத்திரிகைகள், ஏகப்பட்ட கதாபாத்திரங்கள். 1917 வரை நடந்தது இது. மைக்கேல் கோனர்ட்டி என்ற அயர்லாந்து ஆய்வாளர் 2021ல் இந்தக் காமிக்ஸ்களைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் போட்டார். அதற்கு முன்னால் ஹிலரி பைல் 1994ல் இவருடைய கேலிச்சித்திரங்களையும் புத்தகப் படங்களையும் அட்டவணை போட்டிருந்தார். இவர்கள் இரண்டு பேரும் செய்த வேலைக்குக் கும்பிடு போடணும். ஏனென்றால் மத்தவங்க எழுதினதில் எல்லாம் இந்த இருபத்துச் சொச்ச வருஷம் ஒரு பத்தியில் முடிந்துவிடும்.

நேர்மையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் படக்கதைகளின் நகைச்சுவை இன்றைக்கு அவ்வளவாகச் சிரிக்க வைக்காது. விழுவது, அடிபடுவது, மாறுவேஷம் கலைவது. அந்தக் கால லண்டன் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் ஊறிக்கிடந்த இனக் கேலி இவருடைய தொடர்களிலும் உண்டு. கறுப்பினத்தவரை வரைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் முகம் சுளிக்கத்தான் வேண்டியிருக்கிறது. அதுவும் யார் வரைந்தது? ஐரிஷ்காரனைக் குரங்கு மாதிரி வரைந்து வந்த அதே லண்டன் பத்திரிகை உலகத்தில் ஒரு ஐரிஷ்காரர். இதை மூடி மறைத்துவிட்டு 'ஆஹா காமிக்ஸ் மேதை' என்று ஜல்லியடிக்க எனக்கு இஷ்டமில்லை. சேர்த்தே வைத்துப் பார்க்கணும்.

ஆனால் கை! அந்தக் கையைப் பாருங்கள். சின்னக் கட்டம், மட்டமான காகிதம், கறுப்பு மை மட்டும். அதில் குதிரை ஓடுகிறது, நாய் குதிக்கிறது, கூட்டம் தள்ளுமுள்ளு செய்கிறது. எல்லாம் வாரக் கெடுவுக்குள். ஒரு கோட்டைப் போட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருக்க முடியாது. அப்பாவிடம் கற்றுக்கொள்ள முடியாத பாடம் இது. அரை பென்னிப் பத்திரிகை கற்றுக்கொடுத்தது.

1905ல் இந்தத் தொழில் புத்தி உதவின கதை ஒன்று. மான்செஸ்டர் கார்டியன் பத்திரிகை நாடகாசிரியர் ஜே.எம். சிங்கையும் ஜாக்கையும் சேர்த்து அயர்லாந்தின் மேற்கே பஞ்சம் பிடித்த மாவட்டங்களுக்கு அனுப்பியது. சிங் பன்னிரண்டு கட்டுரை எழுதணும், ஜாக் படம் போடணும். சிங் கடைசியில் நண்பருக்கு எழுதின கடிதத்தில், ஜாக் தன்னைவிட விவரமானவர், தன்னைவிட நல்ல பேரம் பேசியிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். பின்னே? பத்து வருஷத்துக்கு மேல் ஹார்ம்ஸ்வொர்த் ஆட்களிடம் படத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கின ஆள்! அந்தப் பயணத்துப் படங்களும், 1907ல் வந்த சிங்கின் 'ஏரன் தீவுகள்' புத்தகத்துக்குப் போட்ட பன்னிரண்டு படங்களும் இன்றைக்கும் நிற்கின்றன. அதில் ஏழைகளைப் பார்த்து உச்சுக்கொட்டல் கிடையாது. மீன்காரர், சாலை போடுகிற கூலி ஆட்கள், கெல்ப் எரிக்கிறவர்கள் எல்லாரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்கள், ஒரு தொடரின் கதாநாயகன் முதல் கட்டத்தில் வந்து நிற்பது மாதிரி.

இப்போது முந்நூறுக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத வைத்ததே அதுதான்.

ஜாக்குக்கு இரண்டு அக்கா. லில்லி, எலிசபெத். கவிஞர் அண்ணனுக்குக் கிடைத்த வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை. குடும்பத்தைத் தாங்கினதில் இவர்கள் பங்கு பெரிசு. 1902ல் ஈவ்லின் க்ளீசன் என்பவரோடு சேர்ந்து டப்ளின் பக்கத்தில் டண்ட்ரமில் 'டன் எமர்' என்ற கைத்தொழில் கூடம் தொடங்கினார்கள். லில்லிக்கு எம்பிராய்டரி, எலிசபெத்துக்கு அச்சு. எலிசபெத் லண்டனில் பெண்கள் நடத்தின ஒரு அச்சகத்தில் கொஞ்ச காலம் வேலை கற்றுக்கொண்டு வந்தவர். கையால் இழுக்கும் பழைய ஆல்பியன் அச்சு இயந்திரம், காஸ்லன் எழுத்துரு, உள்ளூர் ஆலையில் கந்தைத் துணியிலிருந்து செய்த காகிதம். வேலை செய்தவர்கள் எல்லாம் சுற்றுவட்டாரத்துப் பெண்கள். 1908ல் க்ளீசனோடு பிரிவினை வந்து அக்காமார் தனியே போய் 'குவாலா' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தாகூரின் 'அஞ்சல் நிலையம்' நாடகம் ஆங்கிலத்தில் 1914ல் புத்தகமானது இந்த அச்சகத்தில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத சேதி.

அதே 1908 ஜூன் மாசம் எலிசபெத்தும் ஜாக்கும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் 'எ பிராட்சைடு'. நாலே பக்கம். இரண்டு மூணு பாட்டு, இரண்டு மூணு படம். மாசம் ஒன்று. 1915 மே வரைக்கும், 84 மாசம், ஒரு மாசம் தவறாமல். ஒவ்வொன்றும் 300 பிரதி. நம்மூர் சிற்றிதழ்க்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் அதே மந்திர எண்!

பிராட்சைடு என்றால் என்ன என்று கேட்டால், நம்ம குஜிலிப் பாட்டுப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? கொலைச் சிந்து, ரயில் விபத்துப் பாட்டு என்று மட்டமான தாளில் அச்சடித்துத் தெருவில் பாடி விற்பார்களே, அதேதான். அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் அது ஒற்றைத் தாளாக வரும். மேலே ஒரு மரக்கட்டைப் படம், கீழே பாட்டு. தூக்குத் தண்டனை, கப்பல் மூழ்கியது, காதலன் பட்டாளத்துக்குப் போனது, இந்த மாதிரி. ஜாக் சின்ன வயசில் ஸ்லைகோ சந்தைகளில் பார்த்தது. அது செத்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் அதே உருவத்தைக் கையில் எடுத்தார்கள்.

இதற்கு ஒரு முன்னோட்டமும் உண்டு. 1902, 1903 இரண்டு வருஷமும் லண்டனில் எல்கின் மாத்யூஸ் என்ற பதிப்பாளரிடம் 'எ பிராட் ஷீட்' என்று ஒற்றைத்தாள் மாத இதழ் கொண்டுவந்தார் ஜாக். முதல் வருஷம் கூட்டாளி பமேலா கோல்மன் ஸ்மித். பெயர் தெரியாவிட்டாலும் இவர் வரைந்ததை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். 1909ல் வந்த ரைடர் டாரட் சீட்டுக்கட்டின் படங்கள் இவருடையவை. உலகம் முழுக்க ஜோசியக்காரர்கள் கையில் இருக்கிறது, வரைந்தவர் பெயர் பெட்டியின் மேலேகூட ரொம்ப காலம் கிடையாது. அதே மாத்யூஸிடம் ஜாக் பொம்மை நாடகங்களும் போட்டார். அட்டையில் வெட்டி நிறுத்தி விளையாடுகிற கடற்கொள்ளையர் நாடகம். 1909ல் பொம்மைக் கப்பல் எப்படிச் செய்வது என்று ஒரு குழந்தைகள் புத்தகம்! கவிஞர் ஜான் மேஸ்ஃபீல்டும் இவரும் டெவன் கிராமத்து ஓடையில் பொம்மைக் கப்பல் விட்டு விளையாடினவர்கள், நல்லா வளர்ந்த ஆம்பளைங்க.

பிராட்சைடுக்குத் திரும்புவோம். ஜாக் பேனாவால் கறுப்புக் கோட்டில் வரைவார். அதைக் கட்டை செய்து அச்சடிப்பார்கள். அப்புறம் வண்ணம் மட்டும் கையால். அச்சகத்துப் பெண்கள் ஜாக் வண்ணம் தீட்டிக் கொடுத்த மாதிரியைப் பார்த்து ஒவ்வொரு பிரதியாக நீர்வண்ணம் பூசுவார்கள். கணக்குப் போடுங்கள். 84ஐ 300ஆல் பெருக்கினால் 25,200 தாள். ஒவ்வொரு தாளிலும் குறைந்தது ஒரு படத்துக்காவது சிவப்பு, நீலம், மஞ்சள். எந்தத் தாளிலும் வண்ணம் பூசின பெண்ணின் பெயர் கிடையாது. ஜாக் யேட்ஸின் அசல் என்று இன்றைக்கு ஏலத்தில் விற்கிறதே, அந்தச் சிவப்பு ஜாக் கை பட்டது இல்லை. டண்ட்ரம் பக்கத்து ஏதோ ஒரு பதினேழு வயசுப் பொண்ணு தொட்டது.

அந்தப் படங்கள் எப்படி இருக்கும் என்று கேட்டால், என் பார்வையில் இவர் வாழ்நாளில் செய்ததிலேயே நெஞ்சில் நிற்பவை இவைதான். ஓவிய விமரிசகர்கள் அடிக்க வரலாம், பரவாயில்லை. தடித்த கறுப்புக் கோடு. தட்டையான வண்ணம். கடற்கொள்ளையர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், சர்க்கஸ் கோமாளி, மாட்டு வியாபாரி, தெருப் பாடகர், ஊர் ஊராய் அலைகிறவர். விளக்கம் கிடையாது. பல சமயம் கடைசிப் பக்கத்துப் படத்துக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. ஒரு ஆள் நிற்பார், பின்னால் கடல். அவ்வளவுதான். ஆனால் இதற்கு முந்தின கட்டம் ஒன்று இருந்திருக்கணும், அடுத்த கட்டம் ஒன்று வரணும் என்று நமக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். காமிக்ஸ்காரனின் வித்தை அது. தொடரிலிருந்து ஒரே ஒரு கட்டத்தைப் பிய்த்து எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை நம்மிடம் விட்டுவிடுவது. சப்லாக் ஹோம்ஸ் வரைந்த கை இல்லாமல் இது வந்திருக்காது.

இதில் எனக்கு ஒரு உறுத்தலும் உண்டு. பிராட்சைடு சந்தா வருஷத்துக்கு 12 ஷில்லிங். அதாவது இதழ் ஒன்று ஒரு ஷில்லிங். அந்தக் காசுக்கு 24 'காமிக் கட்ஸ்' வாங்கலாம். தெருப் பாட்டின் வேஷம் போட்டுக்கொண்டு வந்த தாள் தெருவில் விற்கவில்லை. வசதியானவர்கள், கலை ரசிகர்கள், புத்தகச் சேகரிப்பாளர்கள் தபாலில் வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். அதில் வரையப்பட்ட மாட்டு வியாபாரியால் அதை வாங்க முடிந்திருக்காது. அந்த வியாபாரியின் பிள்ளை லண்டனுக்கு வேலைக்குப் போயிருந்தால் அரை பென்னிக்கு காமிக்ஸ் வாங்கியிருப்பான். அதாவது, நிஜமான ஜனங்கள் பார்த்த ஜாக் யேட்ஸ் எந்த அருங்காட்சியகச் சுவரிலும் இல்லாத ஜாக் யேட்ஸ். 'நாட்டுப்புறக் கலை' என்று சட்டம் போட்டு மாட்டப்பட்டவர் முந்நூறு பேருக்கு மட்டும் வரைந்தவர். இதற்காக பிராட்சைடைக் குறை சொல்லவில்லை. கையால் அச்சடித்து, கையால் வண்ணம் பூசி, வேலை செய்த பெண்களுக்குக் கூலியும் கொடுக்கணும் என்றால் அரை பென்னிக்கு முடியாது. ஆனால் மூணு லட்சம் அசிங்கம், முந்நூறு கலை என்று தரம் பிரிக்கிறார்களே, அந்த இடத்தில்தான் எனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே மேஜையில், ஒரே பேனாவால் வரைந்துகொண்டிருந்தார் மனுஷன்.

சரி, ஏணிக் கதைக்கு வருவோம். வருஷங்களை வைத்துப் பார்ப்போம் என்று சொன்னேன் இல்லையா? 1913ல் நியூயார்க்கில் நடந்த புகழ்பெற்ற ஆர்மரி கண்காட்சியில் ஜாக்கின் எண்ணெய் ஓவியங்கள் இருந்தன. அப்போதும் காமிக்ஸ் வரைந்துகொண்டிருந்தார், பிராட்சைடும் வந்துகொண்டிருந்தது. 1914 ஜூலையில் டப்ளின் பேச்சலர்ஸ் வாக் தெருவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஜனங்களைச் சுட்டார்கள். செத்தவர்கள் நினைவாக ஒரு பூக்காரி அந்த இடத்தில் பூப் போடுகிற ஓவியம், 1915. இன்றைக்கு அயர்லாந்தின் தேசியப் படங்களில் ஒன்று. அதை வரைந்த பிறகும் இரண்டு வருஷம் லண்டன் காமிக்ஸ் தொடர்ந்தது.

இன்னொன்று இதைவிட வேடிக்கை. 1910லிருந்து லண்டன் 'பஞ்ச்' பத்திரிகையில் 'டபிள்யூ. பேர்ட்' என்ற பெயரில் கேலிச்சித்திரங்கள் வந்துகொண்டிருந்தன. நூற்றுக்கணக்கில். பேர்ட் வேறு யாருமில்லை, நம்மாள்தான். எப்போது நிறுத்தினார்? 1948ல். அந்த வருஷம் லண்டன் டேட் காலரியில் இவருடைய ஓவியங்களுக்குப் பெரிய கண்காட்சி. வயசு 77. டேட் காலரியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே பஞ்சுக்கு ஜோக் படம் அனுப்பிக்கொண்டிருந்த ஆளை, 'இளமையில் வறுமையால் கேலிச்சித்திரம் வரைந்தார்' என்று எப்படிச் சொல்ல மனசு வருகிறது?

'புனைபெயர் வைத்துக்கொண்டாரே, வெட்கப்பட்டுத்தானே?' என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பஞ்சுக்கு ஒளிந்துகொண்டது நிஜம். காமிக்ஸ் காலத்தைப் பற்றிப் பின்னாளில் அவர் வாய் திறக்கவில்லை என்பதும் நிஜம். ஆனால் அதே காமிக்ஸ் தொடர்கள் பலவற்றில் தன் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வரைந்தவர் பெயரே போடாத தொழிலில் அது சின்ன விஷயம் இல்லை. தவிர, ஆளே அப்படி ஒரு கமுக்கம். தான் வரையும்போது யாரையும் பக்கத்தில் விடமாட்டார். சீடர்கள் கிடையாது. படத்துக்கு அர்த்தம் கேட்டால் சொல்லமாட்டார். எண்ணெய் ஓவியங்களைப் பற்றியே மௌனம் சாதித்தவர் காமிக்ஸ் பற்றிப் பேசாததை மட்டும் வெட்கம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? புகழ்பெற்ற ஓவியரை விற்கிற கடைக்காரர்களுக்கு காமிக்ஸ் இடைஞ்சல், அது புரிகிறது. அது அவர்கள் பிரச்சினை.

ஓவியங்களைப் பார்த்தாலும் காமிக்ஸ்காரர் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார். 'லிஃபி நீச்சல்', 1923. டப்ளினில் லிஃபி ஆற்றில் வருஷாவருஷம் நடக்கும் நீச்சல் போட்டி. படத்தில் நீச்சல்காரர்கள் எங்கேயோ கீழே தூரத்தில். முன்னால் பூராவும் எட்டிப் பார்க்கிற ஜனக்கூட்டத்தின் முதுகும் தொப்பியும். நாமும் அந்தக் கூட்டத்தில் நெரிந்துகொண்டு நிற்கிறோம். இந்தப் படம் 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஓவியப் போட்டியில் வெள்ளி வாங்கியது. (ஆமாம் மக்கா, அந்தக் காலத்தில் ஒலிம்பிக்ஸில் ஓவியத்துக்கும் பதக்கம் உண்டு!) சுதந்திர அயர்லாந்துக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கமே இதுதான். தங்கம் வாங்கின லக்சம்பர்க்காரர் ஜான் ஜகோபியும் பத்திரிகைகளுக்குப் படம் போட்டவர் என்பது கூடுதல் சந்தோஷம்.

அதே சமயத்துப் படம் இன்னொன்று, 'கைதிகளோடு பேசுதல்'. உள்நாட்டுப் போர்க் காலம். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் பெண்கள் சிறைக் கோபுரத்தைப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள். தூரத்தில் ஜன்னலில் சின்னதாக முகங்கள். பக்கத்தில் சுவரொட்டி ஒட்டின பலகை. சுவரொட்டி வரைந்து சம்பளம் வாங்கினவருக்குத்தான் அந்தப் பலகை அங்கே இருப்பது கண்ணில் படும்.

முப்பதுகளுக்கு அப்புறம் தூரிகையை வைத்துவிட்டுக் கத்தியாலும் விரலாலும் வண்ணத்தை அப்பின காலத்தில்கூட, உள்ளே இருப்பது யார் என்று பாருங்கள். குதிரைக்காரன், சர்க்கஸ் கோமாளி, நாடோடி, பாடகன். 1943ல் கோமாளியையும் குதிரைச் சவாரிக்காரியையும் வைத்து வரைந்த ஒரு ஓவியத்துக்குப் பழைய தெருப் பாட்டு ஒன்றின் தலைப்பையே பெயராக வைத்தார். இரண்டாம் உலகப் போர் நடக்கிறது, எழுபதைத் தாண்டியாச்சு, இன்னும் பிராட்சைடிலிருந்து இறங்கவில்லை. சாமுவேல் பெக்கெட் 1936ல் கையில் காசில்லாமல் தவணையில் இவருடைய ஒரு படத்தை வாங்கினார். 'கோடோ'வில் வரும் அந்த இரண்டு நாடோடிகளுக்கு யேட்ஸ் படங்களோடு ஏதோ உறவு இருப்பதாகச் சொல்கிறவர்கள் உண்டு. அப்படி இருந்தால் அந்த நாடோடிகளின் பரம்பரை எங்கே போய் முடியும்? அரை பென்னிப் பத்திரிகையில்!

2021ல் இவருக்கு 150 வயசு. டப்ளின் தேசிய காலரியில் 'ஓவியமும் நினைவும்' என்று பெரிய கண்காட்சி வைத்தார்கள். முழுக்க எண்ணெய் ஓவியங்கள். அதே வருஷம்தான் கோனர்ட்டியின் காமிக்ஸ் புத்தகமும் வந்தது. அது கல்விப்புல வெளியீடு, விலையோ யானை விலை. ஆக ஓவியங்களைப் பார்க்க ஊர் திரண்டது, காமிக்ஸைப் படிக்க ஒரு சின்னக் கூட்டம். மறுபடியும் அதே மூணு லட்சம், முந்நூறு விளையாட்டு. இந்த முறை பக்கம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். காமிக்ஸ் தொடர்களில் நல்லதாக ஐம்பது பக்கம் பொறுக்கி, இனக் கேலிக்கு ஒளிவுமறைவில்லாமல் ஒரு முன்னுரையும் எழுதி, பையன்கள் வாங்குகிற விலையில் அயர்லாந்தில் யாராவது ஒரு சின்னப் பதிப்பகம் போடக்கூடாதா? காப்புரிமைப் பிரச்சினைகூட ரொம்ப நாளைக்கு இருக்காது, செத்து எழுபது வருஷம் ஆகப்போகிறது.

குவாலா என்ன ஆச்சு என்று கேட்பவர்களுக்கு: எலிசபெத் 1940ல் காலமானார், லில்லி 1949ல். அச்சகம் 1946 வரை புத்தகம் போட்டது. முப்பதுகளில், 1935லும் 1937லும், பெரிய யேட்ஸ் ஆசிரியராக இருந்து பிராட்சைடை மறுபடி இரண்டு தொடராகக் கொண்டுவந்தார். தம்பியும் படம் போட்டார். எனக்கென்னவோ பழைய 84க்கு அது ஈடில்லை. கவிஞர்கள் கூட்டம் அதிகம், கொள்ளைக்காரர்கள் கம்மி.

பழைய பிராட்சைடுகள் அமெரிக்காவில் வில்லநோவா பல்கலைக்கழகத்தின் மின்நூலகத்தில் இருக்கின்றன, காசு கொடுக்காமல் பார்க்கலாம். போனால் முதல் பக்கத்துப் பாட்டைப் படித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். நேராக கடைசிப் பக்கத்துக்குப் போய் அந்தச் சிவப்பை மட்டும் நல்லாப் பெரிதுபடுத்திப் பாருங்கள். சில இடத்தில் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வழிந்திருக்கும்.